கெட்டுப்போகும் சரக்கு: எவ்வளவு வாங்குவது, எப்படிக் கணக்குப் போடுவது

நாளைக்கு எத்தனை பேர் வந்து கேட்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஆர்டரை இன்றைக்கே கொடுத்தாக வேண்டும். கூட வாங்கினால் மிஞ்சி வீணாகும். குறைய வாங்கினால் வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார். ரொட்டி, பால், கீரை, பூ, மருந்து, ரத்த வங்கியில் இருக்கும் ரத்தம் என்று எதை எடுத்தாலும் இதே சிக்கல்தான். ஆணி, பல்பு போன்றவற்றைக் கூடுதலாக வாங்கினால் பணம் கொஞ்ச நாள் முடங்கும், அவ்வளவுதான். கெட்டுப்போகும் சரக்கு அப்படிக் காத்திருக்காது.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் “சராசரியாக எவ்வளவு போகிறது?” என்று கேட்டு, அந்த எண்ணையே ஆர்டராகக் கொடுத்துவிடுகிறார்கள். சராசரி தெரிந்திருக்க வேண்டும்தான். ஆனால் அதை மட்டும் வைத்து ஆர்டர் அளவை முடிவு செய்ய முடியாது. ஒன்று மிஞ்சினால் எவ்வளவு நஷ்டம், ஒன்று போதாமல் போனால் எவ்வளவு நஷ்டம் என்ற இரண்டு எண்களும் வேண்டும். பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. ஒரு நோட்டும் பொறுமையும் இருந்தால் தொடங்கிவிடலாம். கணினியில் ஒரு அட்டவணை போட்டுக்கொண்டால் வேலை இன்னும் சுலபம்.

படி 1: உங்கள் சரக்கு எப்படிக் கெடுகிறது?

கெட்டுப்போகும் எல்லாப் பொருளுக்கும் ஒரே கணக்கு பொருந்தாது. சில பொருட்களுக்கு ஒரு நாள்தான் ஆயுள். காலையில் சுட்ட ரொட்டி, சமைத்த உணவு, அன்றைய செய்தித்தாள் எல்லாம் இந்த வகை. இன்னும் சில, ஒரு தேதி வரை முழு மதிப்போடு இருந்துவிட்டு அந்தத் தேதி தாண்டியதும் ஒரேயடியாகக் கழிந்துவிடும். மருந்து அப்படி. ரத்தமும் அப்படித்தான்: சிவப்பணுக்களைக் குளிரில் 42 நாள் வரை வைத்திருக்கலாம், தட்டணுக்களை 5 முதல் 7 நாளுக்கு மேல் வைக்க முடியாது. மூன்றாவது வகை, காய்கறியும் பூவும். இவை கொஞ்சம் கொஞ்சமாக வாடும், விலையும் கூடவே இறங்கும்.

உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே இந்த மூன்றில் எது என்று எழுதி, எத்தனை நாள் தாங்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தாங்கும் நாள் என்றால் பொட்டலத்தில் அச்சிட்டிருப்பது அல்ல. உங்கள் கைக்கு வந்து சேர்ந்த பிறகு மிச்சமிருக்கும் நாள். பத்து நாள் ஆயுள் உள்ள பொருள் வழியிலேயே நான்கு நாளைத் தொலைத்துவிட்டு வந்தால் உங்களுக்கு அது ஆறு நாள் சரக்குதான். வந்து இறங்கும்போது மொத்த ஆயுளில் மூன்றில் இரண்டு பங்காவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது போல ஒரு நிபந்தனையைச் சப்ளையரிடம் முதலிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது. பலரும் விலைக்காக மணிக்கணக்கில் பேரம் பேசுவார்கள், இதைக் கேட்கவே மாட்டார்கள். இரண்டு நாள் கூடுதல் ஆயுள் சில சமயம் விலைக் குறைப்பைவிட அதிகம் மிச்சப்படுத்தும்.

மூன்றாம் வகைக்கு வெப்பநிலைதான் கடிகாரம். அறுவடைக்குப் பிறகும் காய்களும் பழங்களும் சுவாசித்துக்கொண்டிருக்கின்றன. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் அந்தச் சுவாசம் ஏறத்தாழ இரண்டு, மூன்று மடங்காகும். அதற்காக எல்லாவற்றையும் குளிரில் தள்ளவும் கூடாது. வாழைப்பழம் சுமார் 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுத்துப்போகும். ஆப்பிள், வாழை, தக்காளி எல்லாம் பழுக்கும்போது எத்திலீன் வாயுவை விடும். பக்கத்தில் கீரை இருந்தால் சீக்கிரம் மஞ்சளாகிவிடும். எத்தனை வாங்குவது என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்கு முன் எதை எங்கே வைத்திருக்கிறோம் என்று ஒரு சுற்று பார்த்துவிடுங்கள்.

படி 2: விற்றதை மட்டும் எழுதினால் போதாது

பில் புத்தகம் விற்பனையைச் சொல்லும். உங்களுக்கு வேண்டியது தேவை. சரக்கு தீராத நாளில் இரண்டும் ஒன்றுதான். தீர்ந்துபோன நாளில் அப்படியில்லை. நாற்பது வைத்து நாற்பதும் போய்விட்டால், கேட்டவர்கள் நாற்பது பேரா அறுபது பேரா என்று பில் சொல்லாது.

அதனால் தினமும் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: காலையில் எவ்வளவு இருந்தது, எவ்வளவு விற்றது, எவ்வளவு கழித்தோம், தீர்ந்துபோயிருந்தால் எத்தனை மணிக்குத் தீர்ந்தது. கடைசி விஷயத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தீர்ந்த நேரம் கையில் இருந்தால் உண்மையான தேவையைக் கிட்டத்தட்ட ஊகித்துவிடலாம். தீராத நாட்களைப் பார்த்து, மதியம் 3 மணிக்குள் அன்றைய விற்பனையில் எத்தனை பங்கு முடிகிறது என்று கணக்கிடுங்கள். அது 60 சதவீதம் என்று வையுங்கள். இன்றைக்கு 3 மணிக்கு 30 விற்றுத் தீர்ந்துவிட்டது என்றால், இன்றைய தேவை 30 அல்ல, சுமார் 50.

இதைச் செய்யாவிட்டால் ஒரு சுழலில் மாட்டிக்கொள்வீர்கள். குறைவாக வாங்கியதால் குறைவாக விற்கிறது. குறைவாக விற்றதைப் பார்த்து அடுத்த முறை இன்னும் குறைவாக வாங்குகிறீர்கள். கொஞ்ச நாளில் “இந்தப் பொருள் இங்கே போகாது” என்ற முடிவுக்கே வந்துவிடுவீர்கள்.

அப்புறம், நாட்களை ஒன்றாகக் கலக்காதீர்கள். திங்களைத் திங்களோடு, ஞாயிறை ஞாயிறோடு ஒப்பிடுங்கள். விசேஷ நாள், கடும் மழை நாள் இவற்றைத் தனியாகக் குறித்து வையுங்கள். அடுத்த முறை அப்படி ஒரு நாள் வரும்போது அந்தப் பக்கம் உதவும். சாதாரண நாளின் கணக்கில் சேர்த்தால் குழப்பத்தான் செய்யும்.

படி 3: மிஞ்சினால் எவ்வளவு, போதாமல் போனால் எவ்வளவு?

இதுதான் முக்கியமான படி, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஒரு நாள் ஆயுள் உள்ள பொருளையே எடுத்துக்கொள்வோம்.

வாங்கும் விலை 4, விற்கும் விலை 10, மிஞ்சினால் 1-க்குத் தள்ளிவிடலாம் என்று வையுங்கள். ஒன்று போதாமல் போனால் கைவிட்ட லாபம் 10 கழித்தல் 4, அதாவது 6. ஒன்று மிஞ்சினால் நஷ்டம் 4 கழித்தல் 1, அதாவது 3. இப்போது போதாமையின் நஷ்டத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள்: 6-ஐ 9-ஆல் வகுத்தால் சுமார் 67 சதவீதம். நூறு நாளில் ஏறக்குறைய 67 நாளாவது தேவை முழுவதையும் சமாளிக்கும் அளவுக்கு வாங்க வேண்டும் என்று இதற்குப் பொருள்.

இதற்குச் செய்தித்தாள் விற்பவர் கணக்கு என்று பெயர். நாளைக்குக் காலையில் இன்றைய தாளை யார் வாங்குவார்கள்? இதன் வேர் 1888-ல் எட்ஜ்வொர்த் என்ற பொருளியலாளர் எழுதியதில் இருக்கிறது. வாடிக்கையாளர்கள் எப்போது பணம் எடுக்க வருவார்கள் என்று தெரியாத நிலையில் ஒரு வங்கி எவ்வளவு ரொக்கம் கையில் வைக்க வேண்டும் என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. பணம் அழுகாது என்றாலும் கேள்வியின் வடிவம் ஒன்றுதான்.

இந்தச் சதவீதத்தை ஆர்டர் எண்ணாக மாற்றக் கடினமான சூத்திரம் எதுவும் வேண்டாம். ஒரே மாதிரியான 20 நாட்களின் தேவையைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துங்கள். இப்படி இருக்கிறது என்று வைப்போம்:

28, 31, 33, 34, 35, 36, 37, 38, 39, 40, 40, 41, 42, 43, 44, 46, 48, 50, 53, 62

சராசரி 41. இருபதில் 67 சதவீதம் 13-ஐக் கொஞ்சம் தாண்டுகிறது. அதனால் 14-ஆவது எண்ணை எடுக்கிறோம். அது 43. சராசரியைவிட இரண்டு கூட.

இப்போது இதே தேவை, ஆனால் வேறு பொருள். வாங்கும் விலை 7, விற்கும் விலை 10, மிஞ்சினால் குப்பைதான். போதாவிட்டால் இழப்பு 3, மிஞ்சினால் இழப்பு 7. 3-ஐ 10-ஆல் வகுத்தால் 30 சதவீதம். வரிசையில் 6-ஆவது எண், 36. சராசரியைவிட ஐந்து குறைவு!

முதன்முறை பார்க்கிறவர்களுக்கு இது உறுத்தும். 36 வாங்கினால் அந்த 20 நாளில் 14 நாள் யாராவது ஒருவராவது கிடைக்காமல் திரும்புவார். இருந்தும் லாபக் கணக்கில் இதுதான் சரி: 36 வாங்கினால் நாள் ஒன்றுக்குச் சராசரி லாபம் 98.5, சராசரியான 41-ஐ வாங்கினால் 93, 43 வாங்கினால் 86.5. சந்தேகம் இருந்தால் மேலே உள்ள எண்களை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஆனால் திரும்பிப் போனவர் மறுபடி வராமல் போனால்? அந்த இழப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதை மனதில் வைத்துப் போதாமையின் இழப்பை 3-லிருந்து 5 ஆக்கினால் விகிதம் சுமார் 42 சதவீதம் ஆகிறது, ஆர்டர் 39-க்கு ஏறுகிறது. இந்த ‘மனஸ்தாப விலை’யைத் துல்லியமாகச் சொல்ல யாராலும் முடியாது. பக்கத்திலேயே மாற்றுப் பொருள் இருந்தால் அது குறைவு. அந்த ஒரு பொருளுக்காகவே ஆட்கள் உங்களைத் தேடி வருகிறார்கள் என்றால் மிக அதிகம். ரத்த வங்கியில் போதாமை என்றால் ஒரு உயிருக்கு ஆபத்து. அதனால்தான் அங்கே கொஞ்சம் வீணானாலும் பரவாயில்லை என்று இருப்பைக் கூட்டியே வைக்கிறார்கள். அங்கே வீணாவதைப் பார்த்து நிர்வாகம் சரியில்லை என்று சொல்லிவிட முடியாது.

ஒரு ஆறுதலான விஷயமும் உண்டு. சரியான எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தாலே பெரிய வித்தியாசம் வராது. முதல் பொருளுக்கு 43-க்குப் பதில் 41 வாங்கியிருந்தால் நாள் லாபம் 219.75-லிருந்து 219-க்கு இறங்கும், அவ்வளவுதான். அதனால் ஒன்று இரண்டுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். சராசரிக்கு மேலே போக வேண்டிய பொருளா, கீழே போக வேண்டிய பொருளா என்பதைத் தப்பாக எடுத்துக்கொண்டால்தான் அடி.

மனித மனம் இந்த இடத்தில்தான் சறுக்கும். ஷ்வைட்சர், கஷோன் என்ற இரு ஆய்வாளர்கள் 2000-ல் வெளியிட்ட பரிசோதனையில், தேவை எப்படி ஏறி இறங்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்த பிறகும் ஆட்கள் சராசரியை நோக்கியே இழுபட்டார்கள். லாபம் அதிகமுள்ள பொருளைக் குறைவாகவும், லாபம் குறைந்த பொருளை அதிகமாகவும் வாங்கினார்கள். நேற்று தீர்ந்துவிட்டது என்று இன்று கூட்டுவதும், நேற்று மிஞ்சியது என்று இன்று குறைப்பதும் இதே ரகம்தான். ஒரு நாள் நடந்ததை வைத்து எண்ணை மாற்றாதீர்கள். மாற்றத் தூண்டும்போது மேலே சொன்ன வரிசையை எடுத்துப் பாருங்கள்.

படி 4: பல நாள் தாங்கும் சரக்கு

ஒரு நாளில் போகாதது நாளைக்குப் போகும் என்றால் கணக்கில் இரண்டு விஷயங்கள் கூடுகின்றன: எத்தனை நாளுக்கு ஒருமுறை ஆர்டர் கொடுக்கிறீர்கள், கொடுத்த பிறகு சரக்கு வர எத்தனை நாள் ஆகிறது. இரண்டு நாளுக்கு ஒருமுறை ஆர்டர், வர ஒரு நாள் என்றால் இன்று கொடுக்கும் ஆர்டர் மூன்று நாள் தேவையைத் தாங்க வேண்டும். அந்த மூன்று நாள் தேவைக்கு முன்பு போல ஒரு வரிசை போட்டு, உங்கள் சதவீதத்துக்கு வரும் எண்ணை இலக்காக வையுங்கள். இலக்கிலிருந்து கையிருப்பையும் வழியில் வந்துகொண்டிருக்கும் சரக்கையும் கழித்தால் ஆர்டர் கிடைக்கும்.

புதியவர்கள் தடுமாறுவது ‘கையிருப்பு’ என்பதில். அலமாரியில் 30 இருக்கிறது, அதில் 12 இன்றிரவோடு காலாவதி. மூடுவதற்குள் இன்னும் 8 போகும் என்று எதிர்பார்க்கிறீர்கள். 30-ல் 8 போனால் நாளைக் காலையில் 22 இருக்கும் என்று கணினி சொல்லும். உண்மையில் பழையது முதலில் போனாலும்கூட 4 குப்பைக்குப் போய் 18-தான் மிஞ்சும். வாங்குபவர்கள் பின்னால் கைவிட்டுப் புதியதாகப் பார்த்து எடுத்தால் 12-ம் வீணாகி, கையில் இருப்பது 10. எனவே ஆர்டர் கொடுக்கும்போது சரக்கு வந்து சேரும் நாளில் விற்கக்கூடிய நிலையில் இருக்கப்போவதை மட்டும் எண்ணுங்கள்.

இந்த வகைக்கு முழுச் சரியான விடை ஒன்று கணிதத்தில் உண்டு. 1975-லேயே நாமியாஸ், ஃப்ரீஸ் இருவரும் தனித்தனியாக அதை ஆராய்ந்தார்கள். அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு வயதுச் சரக்கையும் தனித்தனியே பார்த்துத்தான் ஆர்டர் அளவைச் சொல்ல முடியும் என்பதால் ஆயுள் நாட்கள் கூடக் கூடக் கணக்கு பூதாகாரமாகிவிடும். அன்றாடத்துக்கு மேலே சொன்ன எளிய முறையே போதும்.

பெட்டி அளவையும் பாருங்கள். ஒரு பெட்டியில் 24 வருகிறது, அதன் ஆயுளுக்குள் உங்களிடம் 18-தான் போகிறது என்றால் எந்தக் கணக்கும் உங்களைக் காப்பாற்றாது. சின்னப் பெட்டி கேளுங்கள், இல்லையென்றால் யாரோடாவது பங்கு போட்டு வாங்குங்கள், இரண்டும் முடியாவிட்டால் அந்தப் பொருளை விட்டுவிடுங்கள்.

படி 5: முன்னால் வர வேண்டியது முன்னால் வரட்டும்

முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கெட்டுப்போகும் சரக்குக்கு அது கொஞ்சம் தவறான விதி. நேற்று வந்ததைவிட இன்று வந்த பெட்டியின் காலாவதி தேதி முந்தியதாக இருக்கலாம். எது முதலில் காலாவதியாகிறதோ அது முதலில் போகட்டும். தேதியைப் பெரிய எழுத்தில், பெட்டியைத் திருப்பாமலே தெரிகிற பக்கத்தில் எழுதுங்கள். அலமாரியைப் பின்பக்கமிருந்து நிரப்புங்கள். அது முடியாத இடத்தில் புதியதை உள்ளேயே வைத்திருந்து பழையது குறைந்த பிறகு வெளியே கொண்டுவாருங்கள்.

படி 6: நிச்சயமின்மையையே குறைக்கப் பாருங்கள்

இதுவரை சொன்னது நிச்சயமின்மையோடு வாழும் வழி. அதைச் சுருக்கவும் முடியும், அதில்தான் லாபம் அதிகம் என்பது என் எண்ணம்.

அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவது முதல் வழி. ஒரு நாளின் ஏற்றத்தாழ்வு இன்னொரு நாளைப் பாதிக்காது என்றால், நான்கு நாள் தேவையின் ஏற்றத்தாழ்வு ஒரு நாளுடையதைப் போல இரண்டு மடங்கு இருக்கும். நான்கு நாளுக்குச் சேர்த்து ஆர்டர் கொடுத்தவர் தினமும் கொடுக்க ஆரம்பித்தால், பாதுகாப்புக்காகக் கூடுதலாக வைக்கும் சரக்கு வெகுவாகக் குறையும், பொருளும் புதிதாக இருக்கும். போக்குவரத்துச் செலவு கூடும். கூடும் செலவும் குறையும் வீணும் எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வகைகளைக் குறைப்பது இரண்டாவது. ஒரே பொருளில் ஆறு வகை வைத்தால் ஆறு தனித்தனி ஊகங்கள் வேண்டும். ஒவ்வொன்றும் தனியாகத் தவறும். இரண்டு வகையாகச் சுருக்கினால் ஒன்றின் ஏற்றம் இன்னொன்றின் இறக்கத்தை ஓரளவு ஈடுகட்டும். பல கிளைகளுக்கு ஒரே இடத்தில் இருப்பு வைத்து அனுப்புவதும் இதே காரணத்தால்தான் பலன் தருகிறது. தள்ளிப்போடுவது இன்னொரு வழி: மாவாக இருக்கும்வரை தாங்கும், சுட்டுவிட்டால் அன்றைக்கே முடிக்க வேண்டும். பாதியைக் காலையில் சுட்டுவிட்டு மீதியை மதிய நிலவரம் பார்த்துச் சுடலாம். முன்பதிவு வாங்க முடிந்தால் ரொம்ப நல்லது. சொல்லிவிட்டுப் போனவரின் தேவையை ஊகிக்க வேண்டியதில்லை.

படி 7: விலையை எப்போது இறக்குவது

மிச்சம் இருக்கும் சரக்கு, மிச்சம் இருக்கும் நேரத்தில் வழக்கமாகப் போவதைவிட அதிகம் என்று தெரிந்த உடனே விலையை இறக்குங்கள். மூடும் நேரத்துக்கு முன் பாதி விலை என்பதைவிட, நேரம் இருக்கும்போது கொஞ்சமாகக் குறைப்பது பொதுவாக நல்லது. தினமும் ஒரே நேரத்தில் பெரிய தள்ளுபடி கொடுத்தால் ஆட்கள் அதற்காகக் காத்திருக்கப் பழகிவிடுவார்கள், முழு விலை விற்பனையை நீங்களே சாப்பிட்டுவிடுவீர்கள்.

ஒரு எல்லை உண்டு. ‘இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்’ என்பது பாதுகாப்புத் தேதி, அது தாண்டினால் எந்த விலைக்கும் விற்கக் கூடாது, தானமாகவும் கொடுக்கக் கூடாது. ‘இந்தத் தேதிக்கு முன் சிறந்தது’ என்பது தரத்தைப் பற்றியது. இரண்டையும் ஒன்றாக நினைத்து நல்ல உணவைக் கொட்டுவது ஒரு பக்கம், கூடாததை விற்பது மறு பக்கம். இதில் உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுங்கள். சமைத்த உணவு 5 முதல் 60 டிகிரி வரையிலான வெப்பத்தில் நேரம் கழித்திருந்தால் தேதி எதுவாக இருந்தாலும் அதை விற்பனைக்கு வைக்காதீர்கள். அந்த வெப்பத்தில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும்.

படி 8: இரண்டு எண்களைச் சேர்த்தே பாருங்கள்

வாரக் கடைசியில் கழித்த சரக்கின் சதவீதத்தையும், தீர்ந்துபோயிருந்த நேரத்தையும் ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதுங்கள். ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024 அறிக்கைப்படி 2022-ல் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது, அதில் சில்லறை விற்பனையில் மட்டும் 13.1 கோடி டன். இப்படிப்பட்ட எண்ணைக் கேட்டதும் “இனி வீணாகவே கூடாது” என்று சில முதலாளிகள் கட்டளை போட்டுவிடுவார்கள். அதற்கு மிகச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது: அலமாரியைக் காலியாக வைத்துக்கொள்வது! கழிவு பூஜ்யம் என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால் எத்தனை மணிக்குத் தீர்ந்தது என்று கேளுங்கள்.

தொடங்கும்போது எல்லாப் பொருளுக்கும் ஒரே நாளில் இந்தக் கணக்கைப் போட வேண்டாம். அதிகம் கழிக்கும் ஐந்து பொருட்களை எடுங்கள், நான்கு வாரம் எழுதுங்கள், வரிசை போடுங்கள், எண்ணை மாற்றுங்கள். மாதம் ஒருமுறை வாங்கும் விலை, விற்கும் விலை, மிஞ்சியதைத் தள்ளிவிட்டால் கிடைப்பது மூன்றையும் சரிபாருங்கள். விலை மாறினால் விகிதம் மாறும், ஆர்டரும் மாற வேண்டும். இருபது நாளுக்கு மேல் பதிவு சேர்ந்ததும் பழையதை ஒவ்வொன்றாக விட்டு, புதியதைச் சேர்த்துக்கொண்டே போங்கள். பருவம் மாறும் சமயத்தில் மட்டும் போன வருடத்தின் அதே மாதப் பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள்.